குடிபூரலுக்கு வந்த வரைபடம்

கீழே வருவதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. கற்பூரம் அணைத்துச் சத்தியம் பண்ணச் சொன்னாலும் பண்ணலாம். ஆனால் ஆக்லாந்தில் வீட்டுக்குள் கற்பூரம் கொளுத்தினால் கூரையிலிருக்கிற புகை அலாரம் தெருவையே கூட்டிவிடும் என்பதால் வாய்ச் சத்தியத்தோடு நிறுத்தவேண்டியிருக்கிறது. ஹென்டர்சனுக்கு அப்பால், பள்ளத்தாக்குச் சரிவில், ரதிதேவியும் தியாகலிங்கமும் வாங்கிய வீட்டின் ஹோலுக்குள் குடிபூரலுக்கு மறுநாள் காலை ஒரு ஜேர்சிப் பசு நின்றது. அது ஆயிரத்துத் தொளாயிரத்து நாற்பத்தொன்பதாம் ஆண்டுப் பசு. அன்று மெல்லிய தூறல், ரயில் கொஞ்சம் பிந்தியது, தக்காளி விலை முதல் கிழமையைவிட ஏறியிருந்தது.

பசு வந்த வழியைச் சொல்லத்தான் வேண்டும். குடிபூரல் என்றால், புது வீட்டுக்குள் மனிதர் காலடி வைக்குமுன் ஒரு பசு காலடி வைக்கவேண்டும். அதற்குப் பிறகுதான் பால் காய்ச்சுவது, சாமிப்படம் வைப்பது, வடை சாப்பிடுவது எல்லாம். யாழ்ப்பாணத்தில் என்றால் அடுத்த வளவில் கேட்டு அவிழ்த்துக்கொண்டு வந்துவிடலாம். இங்கே குடியிருப்புத் தெருவுக்குள் பசுவைக் கொண்டுவர அனுமதி எடுத்து முடிப்பதற்குள் புது வீடு பழைய வீடாகிவிடும். அதனால் நம்முடைய சனங்கள் பசுப் படம் ஒன்றுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து அதை முன்னால் விட்டுக்கொண்டு போவார்கள். சோமாஸ்கந்தக் குருக்கள் இதற்கென்றே கண்ணாடிச் சட்டம் போட்ட படம் ஒன்று வைத்திருந்தார். அவருக்குக் கிழமை நாட்களில் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிற வேலை, சனி ஞாயிறில் இந்த வேலை. அந்த ஞாயிற்றுக்கிழமை பாபடோயிட்டோயில் ஒரு குடிபூரலை முடித்துக்கொண்டு நேரே வந்தவர் கார் டிக்கியைத் திறந்து பார்த்தால் பசு அந்த வீட்டிலேயே தங்கிவிட்டது. திரும்பிப் போய் எடுத்துவர மோட்டர்வே விடாது. முகூர்த்தம் அதைவிட விடாது. யாரோ ஒரு பெடியன் போனில் பசு ஒன்றை எடுத்து நீட்டினான். குருக்கள் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை.

“போன்ல தெரியிறது வெளிச்சம் தம்பி, பசு இல்லை. கடதாசியில இருக்கோணும்.”

கடதாசியில் ஒரு பசு அங்கேயே இருந்தது. தியாகலிங்கம் தம்பதியின் மகள் கஜந்தினி, நகர மையத்தில் வங்கியில் வேலை செய்கிறவள், ஹென்டர்சனில் பழைய சாமான் கடையொன்றில் அந்தப் பள்ளத்தாக்கின் பழைய வரைபடத்தைக் கண்டு, சட்டம் போட்டு, புது வீட்டுச் சுவருக்கென்று கொண்டுவந்திருந்தாள். கீழே 1949 என்று போட்டிருந்தது. எந்தத் தோட்டம் யாருடையது, வேலி எங்கே போகிறது, ஓடை எங்கே வளைகிறது என்றெல்லாம் கறுப்பு மையில் மயிரிழை பிசகாமல் கீறியிருந்த ஆள், கடைசியில் அலுத்துப்போய்த்தான் இருக்கவேண்டும், ஒரு மேய்ச்சல் நிலத்தின் நடுவே ஒரு பசுவையும் கீறிவிட்டிருந்தான். அந்த நிலம்தான் ரதிதேவியின் வளவு. குருக்கள் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்து, பசுவும் இருக்கிறது, அது நிற்கிற நிலமும் இருக்கிறது, இதைவிடப் பொருத்தம் எங்கே கிடைக்கும் என்றார். பசுவின் நெற்றி இருக்கவேண்டிய இடத்தில் குங்குமம் வைத்தார். தியாகலிங்கம் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வலது காலை எடுத்து உள்ளே வைத்தார். பிழை நடந்தது அங்கேதான். பசுப் படத்தைக் கூப்பிட்டால் பசு மட்டும் வரும். வரைபடத்தைக் கூப்பிட்டால் அது வெறுங்கையோடு வருமா?

அந்த வீடு ரதிதேவிக்கு என்னவென்று தெரிந்தால்தான் மிச்சம் விளங்கும். நியூசிலாந்துக்கு வந்த நாளிலிருந்து அவள் வாடகை வீடுகளில் இருந்தவள். ஒவ்வொரு வீட்டுக்காரரும் மிக மரியாதையாக ஒரு காரணம் சொல்லி எழுப்பினார்கள். ஒருவர் விற்கப்போகிறார், ஒருவரின் மகன் கலியாணம் முடிக்கப்போகிறான், ஒருவருக்குக் குசினியை உடைத்துக் கட்டவேண்டும். அதனால் அவள் சாமான் கட்டுகிற அட்டைப்பெட்டிகளை எறிந்ததே இல்லை; ஒவ்வொரு வீட்டிலும் கட்டிலுக்குக் கீழே மடித்து வைத்திருப்பாள். இந்த வீட்டுத் திறப்புக் கையில் வந்த அன்று அத்தனை பெட்டியையும் கிழித்து மறுசுழற்சித் தொட்டிக்குள் போட்டாள். “இனி இந்த வீட்டிலயிருந்து என்னை நாலு பேர் தூக்கித்தான் கொண்டுபோகோணும்” என்றாள். நல்ல நாளில் இது என்ன பேச்சு என்று தியாகலிங்கம் கோபித்தார். அவர் பஸ் ஓட்டுகிறவர். எங்கேயும் ஒரு நிமிஷத்துக்கு மேல் நின்று பழக்கமில்லை.

ஆகவே பசுவைக் கண்டதும் ரதிதேவி பயப்படவில்லை. வீட்டுக்கு வந்த இலட்சுமி என்று ஒரு சட்டியில் கழுநீர் வைத்தாள். கார்ப்பெட்டுக்கு ஊடாகப் புல் முளைத்தபோது வக்கும் கிளீனரை எடுத்துப் பார்த்தாள், பிறகு பசுவே அதைப் பார்த்துக்கொண்டது. செவ்வாய்க்கிழமை ஓடை நடைபாதைக்குள் வந்து, குளியலறையைச் சுற்றிக்கொண்டு பின்பக்கமாகப் போனது. அதுகூடப் பரவாயில்லை, சுத்தமான தண்ணீர். ஆனால் அந்தக் கிழமை முடிவில் சாமியறைச் சுவர் இருந்த இடத்தில் உயரமான மரவேலி நின்றது, கராஜ் இருந்த இடத்தில் பேரி மரங்கள் நின்றன, அப்போதுதான் அவளுக்கு நடப்பது பிடிபட்டது. நாற்பத்தொன்பதாம் ஆண்டு வரைபடத்தில் வீடு இல்லை. மேய்ச்சல் நிலம் உள்ளே வரவர வீடு வெளியே போய்க்கொண்டிருந்தது. அவளை எழுப்ப இந்த முறை வீட்டுக்காரர்கூடத் தேவைப்படவில்லை.

மாதம் முடியும்போது முன்கதவு மட்டும் மிஞ்சியது. தெருவில் நின்று பார்த்தால் ஒரு புல்வளவு, நடுவில் ஒரு கதவு, அக்கம்பக்கத்தில் வழமையான வீடுகள், வழமையான குப்பைத்தொட்டிகள். கதவால் உள்ளே போனால் மலையடிவாரம் வரைக்கும் பள்ளத்தாக்கு விரிந்து கிடக்கும். ஒரு கூரை இருக்காது, ஒரு தார் ரோட்டு இருக்காது. தியாகலிங்கம் யாரிடமோ கூடாரம் வாங்கிவந்து அடித்தார். பிரிட்ஜ் புல்லுக்குள் நின்றது. ரதிதேவி மட்டும் ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்கவில்லை: யாராக இருந்தாலும் அந்தக் கதவால்தான் வரவேண்டும், செருப்பை வெளியேதான் கழற்றவேண்டும். கஜந்தினி அலுவலகத்திலிருந்து வந்து வெறுங்காலோடு ஈரப்புல்லில் நின்று, “அம்மா, சீரியஸ்லி?” என்று கேட்பாள். ஓம், சீரியஸ்தான் என்பாள் தாய்.

தியாகலிங்கத்துக்கு விற்றுவிட்டுப் போகவேண்டும் என்ற எண்ணம் வந்தது. வீடு விற்கிற தரகர் ஒருவரைக் கூட்டிவந்தார். அவர் சாணியில் கால் வைத்தபடி நாலாபக்கமும் பார்த்து, நகரத்துக்குக் கிட்ட இவ்வளவு காற்றோட்டமான இடம் சந்தைக்கு வருவதே இல்லை, வீடு இல்லாததை ஒரு சிறப்பாகப் போட்டு விளம்பரம் செய்யலாம் என்றார். ரதிதேவி அவருக்குப் பசும்பாலில் தேத்தண்ணி கொடுத்தாள், குடித்து முடித்ததும் கதவைக் காட்டினாள். பிறகு புருஷனிடம் சொன்னாள்:

“இஞ்சாருங்கோ, நீங்கள் போறதெண்டால் போங்கோ. நான் இந்தக் கதவைப் பிடிச்சுக்கொண்டு இருப்பன். பெட்டியெல்லாம் கிழிச்சுப்போட்டன், எதுக்குள்ள சாமான் கட்டுறது?”

குருக்களுக்குப் போன் போட்டார்கள். பின்னால் விமானம் இரைகிற சத்தத்தோடு அவர் சொன்னது, மந்திரம் சொல்லிக் கூப்பிட்ட பசுவைப் போ என்று சொல்ல மந்திரம் கிடையாது என்பதுதான். வரச்சொல்லுகிற மந்திரம் வேண்டுமானால் எத்தனை தரமும் சொல்லலாம். அவர் இதை ஒரு சமாதானத்துக்குத்தான் சொன்னார். ரதிதேவி அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். ஒரு வரைபடம் வந்தது என்றால் அடுத்ததும் வரும்தானே?

தியாகலிங்கம் அன்றைக்கே, இன்றைய தேதிக்கு மேலேயிருந்து எடுத்த செய்மதிப் படத்தைப் பெரிதாக அச்சடித்துக்கொண்டு வந்துவிட்டார். எல்லா வீடும் தெரிகிறது, நம்முடைய வீடும் தெரிகிறது, ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்துவிடுவோம் என்றார். குருக்கள் வந்தார், பால் பொங்கியது. பொங்கி முடிய வீட்டுக் கூரை வந்தது, அதன் சரியான உயரத்தில், ஒரு தகடு குறையாமல். கூரைக்குக் கீழே ஒன்றும் வரவில்லை. மேலேயிருந்து எடுத்த படத்தில் கூரைதானே தெரியும்? அந்தக் கூரை தூண் துரும்பில்லாமல் மூன்று நாள் அந்தரத்தில் நின்றது. பசு அதன் நிழலில் படுத்து அசைபோட்டது. நாலாம் நாள் காற்றுக்குக் கூரை மெல்ல விலகிப்போனது; ஹென்டர்சன் பக்கம் யாரோ கண்டதாகக் கதை.

படிப்படியாகத்தான் வரவேண்டும் என்று ரதிதேவி முடிவெடுத்தாள். கஜந்தினி நகர நூலகத்தின் வரைபடப் பகுதியில் மதியச் சாப்பாட்டு நேரங்களைக் கழித்து, அந்தப் பள்ளத்தாக்கு தோட்டமாயிருந்து தெருவான வருஷங்களின் வரைபடங்களை ஒவ்வொன்றாகப் பிரதியெடுத்தாள். அங்கே நாற்பத்தொன்பதுக்கு மிக முந்திய வரைபடம் ஒன்றும் இருந்தது. வேலி ஒன்றும் இல்லை, ஓடைக்கும் மேட்டுக்கும் ஆதிக்குடிகள் வைத்த மாவோரிப் பெயர்கள் மட்டும். அதை வீட்டுக்குள் அழைப்பதென்றால் முதலில் நாங்கள் யாரைக் கேட்டு உள்ளே வந்தோம் என்ற கேள்வி வரும் என்று அவளுக்குப் பட்டது. இரண்டு கையாலும் பக்குவமாக எடுத்த இடத்தில் வைத்துவிட்டாள்.

முதலில் ஐம்பத்திரண்டு. இப்போது பசுவுக்குப் பஞ்சமில்லை. அதுவே முன்னால் நடக்க, பின்னால் வரைபடம் போனது. மறுநாள் காலை அரைக்காற்சட்டையும் முழங்கால் உயரக் காலுறையும் போட்ட நில அளவையாளர்கள் புல்லுக்குள் நின்றார்கள். முக்காலியில் குழாய் வைத்துப் பார்த்தார்கள், சங்கிலி இழுத்தார்கள், கட்டை அடித்தார்கள். ஒருவன் ரதிதேவியிடம், மன்னிக்கவேண்டும் அம்மணி, நீங்கள் நிற்கிற இடம் பதினாலாம் துண்டின் மூலை, கொஞ்சம் தள்ளமுடியுமா என்று கேட்டான். அவள் தள்ளினாள், அவன் அடித்தான். அந்தச் சத்தம் கேட்டுத்தான் பக்கத்து வீட்டு மிஸ்டர் பெட்ரிச் வேலியடிக்கு வந்தார்.

எண்பது தாண்டிய அவர் அந்தத் தெருவில் முக்கால் ஆயுளுக்குமேல் இருந்து ஒருவருக்கும் குட் மோர்னிங் சொல்லாதவர். காரணம் தெருவுக்கே தெரியும். அந்தச் சரிவு முழுவதும் ஒரு காலத்தில் அவருடைய தகப்பனுடையது. குரோவேஷியக் கரையான தல்மாத்தியாவிலிருந்து கப்பலில் வந்து, பற்றை வெட்டி, பேரி நட்டு, மாடு வளர்த்த மனிதன், ஐம்பதுகளில் நிலத்தைத் துண்டு துண்டாக விற்றார். விற்றபிறகு விறாந்தைக் கதிரையில் ஒருவரோடும் பேசாமல் இருந்து இருந்தே செத்துப்போனார். நெஞ்சு உடைந்து செத்தார் என்பது மகனுடைய முடிவு. அதனால் அங்கே எழும்பிய ஒவ்வொரு வீட்டிலும், அதில் குடிவந்த ஒவ்வொரு குடும்பத்திலும் அவருக்கு வருத்தம். ரதிதேவியிடம் அதுவரை அவர் பேசியது ஒரே ஒரு தரம், பசு வந்த கிழமை: “அது எங்களுடைய மாடு, மிஸஸ் தியாகா. பெயர் ருமென்கா. இடது பக்கம் நிற்காதீர்கள், உதைப்பாள்.”

இப்போது அவர் கதவால் வந்தார், சப்பாத்தை வெளியே கழற்றிவிட்டு. அளவையாளர்களுக்குப் பக்கத்தில் தொப்பியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு நின்ற நாற்பது வயது மனிதனைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு ரதிதேவியிடம் வந்து, அடுத்த வரைபடத்தை ஒரு கிழமை பிந்திக் கொண்டுவர முடியுமா என்று கேட்டார்.

அது மழைக்காலத் தொடக்கம். கூடாரம் ஒழுகியது. தியாகலிங்கம் தும்மிக்கொண்டிருந்தார், பிந்தப் பிந்த ஐம்பத்திரண்டு வேரோடிவிட்டால் பிறகு அசைக்கமுடியாது என்று கிசுகிசுத்தார். அந்தப் பயம் ரதிதேவிக்கும் இருந்தது. ஆனால் ஒரு வீட்டிலிருந்து ஆளை எழுப்புகிறவர்கள் ஒரு கிழமையாவது தருவார்கள் என்பது அவள் அனுபவம். இவருக்கு அந்தக் காலத்தில் அதுகூடக் கிடைத்ததோ தெரியாது.

“இருங்கோ ஐயா. ஒரு கிழமைதானே. எங்களுக்கு மழை புதுசில்லை.”

மறுநாளிலிருந்து மிஸ்டர் பெட்ரிச் தன்னைவிட அரைவாசி வயதுத் தகப்பனோடு பால் கறந்தார். தகப்பனுக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. கூலிக்கு வந்த யாரோ கிழவன் என்று நினைத்து, வேலை மெதுவாகச் செய்வதாகக் குறைப்பட்டார். இருவரும் தங்கள் பாஷையில் பேசிக்கொண்டார்கள். ரதிதேவிக்கு அது விளங்கவில்லை என்றாலும், தகப்பன் பேச்சில் கெட்ட வார்த்தை எது என்பது விளங்கியது, ஏனென்றால் ஒவ்வொரு தரமும் பசுவைப் பார்த்தே அதைச் சொன்னார். கிழமை முடிவில் மிஸ்டர் பெட்ரிச் கூடாரத்துக்கு வந்து மடக்குக் கதிரையில் இருந்தார். ரதிதேவி கொடுத்த தேத்தண்ணியைப் பாதி குடித்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். அவருக்குச் சிரிக்கத் தெரியும் என்பதே புதுச்செய்தி.

“மிஸஸ் தியாகா, அவருக்கு மாடே பிடிக்காது. பேரிக்காயும் பிடிக்காது. கட்டை அடிக்கிற சத்தம்தான் இந்த நாட்டில் தான் கேட்ட முதல் சங்கீதம் என்கிறார். காசு கைக்கு வந்ததும் நல்ல கதிரை ஒன்று வாங்கி, விறாந்தையில் போட்டு, யாரும் பேச்சுக் கொடுக்காமல் பத்து வருஷம் நித்திரை கொள்ளப்போகிறாராம். இருபது வருஷமாக நாலு மணிக்கு எழும்புகிற மனிதன்.” அவர் கண்ணைத் துடைத்தார். “நெஞ்சு உடைந்து இருந்தார் என்று நினைத்தேன். அவர் நித்திரையாய் இருந்திருக்கிறார். கொண்டுவாருங்கள் உங்களுடைய அடுத்த வரைபடத்தை.”

அதற்குப் பிறகு வருஷங்கள் கிழமைக்கு ஒன்றாக ஓடின. ஐம்பத்து நாலாம் ஆண்டு வரைபடத்தில் புள்ளிக்கோடாக இருந்த தெரு ஐம்பத்தாறில் முழுக்கோடானது. புல்டோசர் வந்து பேரி மரங்களை வேரோடு புரட்டியது, அந்தக் கடைசி விளைச்சலைத் தியாகலிங்கம் பஸ் டிப்போ முழுவதற்கும் பகிர்ந்தார். ஓடையைக் குழாய்க்குள் இறக்கினார்கள். தார் ஊற்றினார்கள், மின்கம்பம் நட்டார்கள், இரவில் பள்ளத்தாக்கில் முதன்முதலாக மாட்டுக் கண்ணைத் தவிர வேறு வெளிச்சம் தெரிந்தது. ஒவ்வொரு முறையும் குருக்கள் முழுப் பூசையும் செய்தார், ஒவ்வொரு முறையும் ருமென்கா முன்னால் நடந்தாள், ஒவ்வொரு முறையும் வடை சுட்டார்கள். ஒரே வீட்டுக்கு இத்தனை குடிபூரலா என்று கேட்ட சனங்கள்கூட வடைக்காக வந்தார்கள்.

ஐம்பத்தெட்டில் தச்சர்களும் மேசன்மாரும் வந்து ரதிதேவியின் வீட்டைக் கட்டத் தொடங்கினார்கள். அவள் அந்தச் சந்தர்ப்பத்தை விடுவாளா? காலையில் தேத்தண்ணியும் வடையும் கொண்டுபோய்க் கொடுத்து, குசினி வாசலைக் கொஞ்சம் கிழக்குப் பக்கம் திருப்பினால் நல்லது, சாமியறைக்கு ஒரு மாடம் விட்டால் இன்னும் நல்லது என்றாள். மாடம் எதற்கு என்று மேசன் கேட்டான். சாமி வைக்க என்றாள். ரேடியோ வைக்கவும் உதவும் என்று அவன் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு மாடத்தை விட்டான். தியாகலிங்கம் இரண்டு கார் நிற்கிற கராஜ் கேட்டார். ஒரு வீட்டுக்கு இரண்டு கார் எதற்கு என்று அவர்கள் சாந்துக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். கஜந்தினி ஒவ்வொரு அறையிலும் மின்செருகும் இடங்கள் கூடுதலாகக் கேட்டாள். அது மட்டும் கிடைக்கவில்லை.

சுவர் எழுந்தது. கூரை இந்த முறை சுவருக்கு மேலே வந்து உட்கார்ந்தது. மிச்ச வருஷங்களில் வேலை அதிகமில்லை. எழுபதில் வேலி, தொண்ணூறில் குளியலறை, பிறகு நேற்றைய தேதி. கடைசி வரைபடம் போன அன்று மாலை ரதிதேவி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து ஹோலின் நடுவில் நின்றாள். கார்ப்பெட். சுவர். சுவரில் ஆணி. குசினிக்குப் போய்க் குழாயைத் திறந்தாள், மூடினாள். பிறகு நிலத்தில் அப்படியே நீட்டி நிமிர்ந்து படுத்து, தகப்பன் பெட்ரிச் கதிரையில் கொண்டிருப்பாரே, அந்த மாதிரி ஒரு நித்திரை கொண்டாள். தியாகலிங்கம் கூடாரத்தைக் கொடுத்துவிட்டு வந்து, அவளை எழுப்பாமல் சோறு வைத்தார். மிஸ்டர் பெட்ரிச் அடுத்த நாள் காலை வேலிக்கு மேலால் குட் மோர்னிங் சொன்னார். பழக்கமில்லாத தெரு, யாருக்குச் சொல்கிறார் என்று பின்னால் திரும்பிப் பார்த்தது.

ருமென்கா பின்வளவில் நிற்கிறாள். எல்லா வருஷத்துக்குள்ளும் தன் சொந்தக் காலால் நடந்து வந்தவளை எந்த வருஷத்தில் கொண்டுபோய் விடுவது? கையில் ஒரு கணினித் தட்டோடு நகரசபையிலிருந்து ஒருவர் வந்து, குடியிருப்பு வளவில் மாடு நிற்பதாகக் கேள்விப்பட்டோம் என்றார். தட்டில் தேடினார், அந்த இடத்தில் புல்வெளி என்றுதான் காட்டியது. மாடு அவருடைய சட்டைக்கையை நக்கியது. அவர் தட்டில் உள்ளதைச் சரியென்று குறித்துக்கொண்டு, பாலில் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். மிஸ்டர் பெட்ரிச் காலையும் மாலையும் வந்து கறக்கிறார், வலது பக்கம் நின்று. தெருவில் யாரும் இதைப் பற்றி இப்போது கதைப்பதில்லை. தயிருக்குப் பாத்திரம் கொண்டுவருவதோடு சரி.

இருந்த பள்ளத்தாக்கையெல்லாம் வீட்டுக்குள் கூப்பிட்டுவிட்டதாலோ என்னவோ, இப்போது ஆக்லாந்தின் எந்த வரைபடத்தை விரித்துப் பார்த்தாலும், பழையதோ புதியதோ, இந்தப் பள்ளத்தாக்கு இருக்கவேண்டிய இடத்தில் கடல்தான் இருக்கிறது.